பதினாலாம் பக்கத்து முதுகு

ஜூன் 9, திங்கள்

பசு சிரிக்க வேண்டுமாம்.

ஸ்ரீமதி காலையிலேயே போன் செய்துவிட்டாள். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து குழந்தைகள் புத்தகத்துக்கு எடிட்டர் வேலை பார்க்கிறவள். மாட்டைப் பால் பாக்கெட் மேல் மட்டும் பார்த்தவள். “மேம், மூணாம் பக்கத்துல மாடு ரொம்ப சீரியஸா இருக்கு. கொஞ்சம் ஃப்ரெண்ட்லியா பண்ண முடியுமா?” மாடு என்ன பேங்க் கவுண்டரிலா உட்கார்ந்திருக்கிறது, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க? அண்ணாகிராமம் பக்கத்தில் எங்கள் வீட்டில் நான்கு மாடுகள் இருந்தன. ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஒன்று முட்டியிருக்கிறது.

பன்னிரண்டு வருஷமாக மற்றவர்கள் எழுதியதற்குப் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்கும் சூரியன், சிரிக்கும் கத்தரிக்காய், சிரிக்கும் பஸ். இப்போதுதான் முதல் முறையாக எழுத்தும் படமும் என்னுடையதாக ஒரு புத்தகம். என் சின்ன வயசு. “மல்லாட்டைக் காடு” என்று தலைப்பு. அதிலும் மாடு சிரிக்க வேண்டும்.

“அப்புறம் மேம், மல்லாட்டைன்னு வந்திருக்கு. டைப்பிங் மிஸ்டேக்கா?”

வேர்க்கடலை தாயே. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

“அப்ப வேர்க்கடலைன்னே போட்டுடலாமே. எல்லாருக்கும் புரியும்.”

முடியாது என்றேன். மாட்டுக்கு வேண்டுமானால் பல் வைக்கிறேன், மல்லாட்டையைத் தொடாதே என்று பேரம் பேசினேன். நாற்பத்தொரு வயசில் நான் செய்கிற வியாபாரம் இது.

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அவளுக்கு ஒரு திருத்தமும் இல்லையாம். பதினாலாம் பக்கம். அப்பாவின் முதுகு. “அதப் பாத்து அழுதுட்டேன் மேம். அந்த முதுகுதான் இந்த புக்கே.”

இத்தனை வருஷத்தில் அவள் சரியாகச் சொன்ன ஒரே விஷயம்.

ஜூன் 11

மாட்டைச் சிரிக்க வைத்துவிட்டேன். பற்பசை விளம்பரத்துக்கு அனுப்பலாம். தூ.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாக்கள் தினமாம். போனைத் திறந்தால் எல்லாரும் ஸ்டேட்டஸில் அப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழ் வீட்டுப் பேராசிரியர்கூட. போன மாசம்தான் “எங்கப்பா எப்பதான் ஊருக்குப் போவாரோ” என்று என்னிடம் மாடிப்படியில் புலம்பினார். இன்றைக்கு “என் முதல் ஹீரோ”. எங்கள் அண்ணாமலை நகர் முழுக்க இப்படிப் படித்தவர்கள்தான்.

என் தம்பி ஜெயப்பிரகாஷும் போட்டிருக்கிறான். அப்பா பலாக்காய்க் குவியல் பக்கத்தில் கைலியோடு நிற்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. எப்போதும் போல.

என்னுடைய அப்பாக்கள் தினம் பதினாலாம் பக்கத்தில் இருக்கிறது. எத்தனை பள்ளிக்கூடத்தில், எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! எட்டாம் வகுப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாவட்ட ஓவியப் போட்டி. பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு பிள்ளை. டிராயிங் சார் கண்ணாயிரம் என் பேரைத்தான் சொன்னார். நானே பெட்டியில் தேடி ஒரு நல்ல பாவாடை எடுத்து வைத்திருந்தேன். விடிந்ததும் அப்பா வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். “போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மல்லாட்டை ஆய ஆளில்ல.” அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று முழுக்கச் செம்மண்ணில் உட்கார்ந்து செடியிலிருந்து காயைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன். இரண்டு தடவை பத்திரிகைப் பேட்டியிலும் வந்துவிட்டது.

நான் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் “ச்சே” என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அந்த மனுஷனோடு இருபத்தெட்டு வருஷமாக “சாப்ட்டியா”, “வரேன்” தவிர ஒன்றும் பேசியதில்லை. நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஜூன் 22

ஊருக்குப் போய் வந்தேன். அம்மா போன நாள். நாலு வருஷம் ஆகிறது. படையல் போட்டோம்.

அப்பா கேட்டது: “இன்னும் பொம்மதான் போட்டுக்கினு இருக்கியா?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல. புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அச்சாகி வந்ததும் தம்பி பெண்டாட்டி படித்துக் காட்டட்டும், அப்போது தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு அற்ப ஆசை. அற்பம்தான். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 1

மாதிரிப் பிரதி வந்துவிட்டது. முதல் பக்கத்தில் சமர்ப்பணம்: “என் கையில் பென்சிலைச் சரியாகப் பிடிக்க வைத்த கண்ணாயிரம் சாருக்கு.” வியாழக்கிழமை நேரில் போய்க் காட்டப்போகிறேன். நான் மதிக்கிற மனிதர்களை எண்ண ஒரு கை போதும். அதில் நாலு விரல் மிச்சம்.

ஜூலை 3, வியாழன்

எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது பதினோரு மணி. சாருக்கு எழுபத்தாறு வயசு. பனியனோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார், “தமிழ்மணி வந்திருக்கு, காபி போடு.” சந்தோஷமாக இருந்தது. சமர்ப்பணத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவும் சந்தோஷமாக இருந்தது.

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மாட்டைப் பார்த்துச் சிரித்தார். பதினாலாம் பக்கம் வந்தது. எழுத்தைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“ஏம்மா, இது ஒங்கப்பாவா? காத்தவராயனா? அட பாவம்யா அந்த மனுஷன்!”

“ஏன் சார்?”

“ஒனக்குத் தெரியாதா? இத்தினி வருஷமாவா?” திரும்பச் சிரிப்பு. “ஒன் பேரத்தான் சொல்லியிருந்தேன். அப்புறம் என் பையன் அருண்குமார் அழ ஆரம்பிச்சிட்டான், நான்தான் போவேன்னு. ஸ்கூலுக்கு ஒரு பேருதானே? அவன் பேர மாத்தி அனுப்பிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் ஒங்கப்பாவ வரச் சொல்லி விஷயத்தச் சொன்னேன். சைக்கிள்ல வந்தாரு. எம் பொண்ணு அழுவும் சார்னாரு. அழுதா எதுனா சொல்லி சமாதானம் பண்ணுய்யான்னேன். கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் அவரே சொன்னாரு, ‘ஒங்க பேரச் சொன்னா அது ஒங்க கிளாசுக்கே வராது சார். எம் மேலயே போட்டுக்கறேன்’னு.”

காபி வந்தது. குடித்தேன்.

“அருண்குமாருக்கு அன்னிக்கு ஒரு ஆறுதல் பரிசுகூட வரல. இப்ப கனடாவுல இருக்கான். பென்சிலத் தொடறதே இல்ல.” அதற்கும் சிரித்தார். ஏதோ கல்யாண வீட்டில் செருப்பு மாறிப்போன கதையைச் சொல்வது போல. ஒரு கூச்சம் இல்லை. ஒரு “மன்னிச்சிக்கம்மா” இல்லை. நானும் சிரித்தேன். ஆமாம், நான் சிரித்தேன்! கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு என் வாயிலேயே இருந்தது. மாடு மாதிரி.

ஜூலை 4

கிழவர் உளறுகிறார். எழுபத்தாறு வயசு. வேறு யார் கதையையோ என் கதையோடு சேர்த்துவிட்டார்.

இல்லை. “எம் மேலயே போட்டுக்கறேன்” — இது சார் பேச்சு இல்லை. அவருக்கு அப்படிப் பேச வராது. இது அப்பா பேச்சு.

அப்ப நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன் இத்தினி வருஷம்? மேட மேடயா ஏறி —

கும்பகோணம் ஓவியக் காலேஜுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது யார்? அப்பாதான். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். அதை ஏன் ஒரு மேடையிலும் சொல்லவில்லை? கேட்பவர்கள் “ச்சே” என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, அதனால்தான்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். தம்பி வீட்டில் இல்லை. அப்பா முந்திரித் தோப்பில் கிளை கழித்துக்கொண்டிருந்தார். எழுபது வயசில் மரத்தின் மேல் ஒரு கால், கீழே ஒரு கால். நான் கீழே நின்றபடி கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

“கண்ணாயிரம் சார் வீட்டுக்குப் போனேன். போட்டிக்கு என்னை அனுப்பாதது அவர்தானாமே?”

கத்தி நின்றது. “அந்தாளு வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டானா.”

“நெசமாப்பா?”

“இன்னா இப்ப?”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா அவன்கிட்ட போவியா? மறுநாளே நோட்டத் தூக்கிப் போட்டுருப்ப. ஒங்கொணம் தெரியாதா? நம்மூர்ல வேற எவன் இருந்தான் பொம்ம போடச் சொல்லித் தர? எனக்கா தெரியும்?”

“அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல? நான் பெரியவளானப்புறம்?”

கீழே இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நீ எங்க எங்கிட்ட பேசின, நான் சொல்றதுக்கு?”

அவர் கிளைகளை இழுத்து ஒன்றாகப் போட்டார். நானும் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பால் பட்டால் புண்ணாகும், விடு என்றார். கொஞ்சம் கழித்து அவராகவே, “அன்னிக்கு மல்லாட்டை ஆய ஆளும் இல்ல. அதுவும் பொய்யில்ல. ரொம்ப ரோசன பண்ணாத” என்றார்.

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“ஒங்கம்மாவுக்குத் தெரியாம எதுனா நடக்குமா? சொல்லிருவேன் சொல்லிருவேன்னு ரெண்டு வருஷம் என்ன மெரட்டினா.”

சிரித்தார் என்று நினைக்கிறேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று நான் கவனித்து வைத்ததில்லை.

ஜூலை 7, திங்கள்

ஸ்ரீமதியிடம் சொன்னேன். பதினாலாம் பக்கம் பொய். மாற்ற வேண்டும்.

“மேம், பதினாலாம் தேதி பிரிண்டிங்!”

“நாலு நாள் கொடு.”

“அப்பா கெட்டவரா இல்லைன்னா கதையே இல்லையே மேம். நிஜத்துல நடந்தது வேற, புக்குல வர்றது வேற. குழந்தைங்களுக்கு உணர்ச்சிதான் முக்கியம்.”

எவ்வளவு மட்டமான பேச்சு என்று நினைத்தேன். பிறகு உறைத்தது, போன வருஷம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் பேசியதை வரி மாறாமல் எனக்கே திருப்பிச் சொல்கிறாள். நல்ல ஞாபகசக்தி.

வியாழக்கிழமை மாலைக்குள் வராவிட்டால் பழைய பக்கமே போகும் என்று சொல்லிவிட்டாள்.

ஜூலை 8

இன்று முழுக்க கண்ணாயிரம் சாரைப் போட்டேன். தொப்பையோடு. நரி மூஞ்சியோடு. மகனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு என் பேரை ரப்பரால் அழிக்கிற மாதிரி. அவ்வளவு அருமையாக வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் இப்படிக் கை ஓடியதில்லை. நரியின் கழுத்துக்குக் கீழே நிழல் போடும்போது பென்சிலைப் படுக்க வைத்து இழுத்தேன். அது சார் சொல்லிக் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பில். போட்டி முடிந்த அடுத்த வருஷம். அப்பா நினைத்தபடியே நான் கிளாசுக்குப் போய்க்கொண்டுதானே இருந்தேன்.

கிழித்துப் போட்டேன். அந்த ஆளுக்காகப் பரிதாபப்பட்டு இல்லை. என் புத்தகத்தில் வில்லனாகக்கூட அவருக்கு ஒரு பக்கம் தர மனசில்லை. சமர்ப்பணத்தையும் எடுத்துவிட்டேன்.

ஜூலை 9

அப்பாவின் முகம் வரவில்லை.

முதுகைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். தோள் எலும்பு, முண்டா பனியனின் கிழிசல், எல்லாம். முகம்? மூக்கு எப்படி? புருவம் சேர்ந்திருக்குமா, பிரிந்திருக்குமா? காலையிலிருந்து பதினோரு முகம் போட்டேன். எல்லாமே ஸ்ரீமதிக்குப் பிடிக்கிற “கிராமத்து அப்பா” மூஞ்சி. மீசையும் கருணையும். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. படம் போடுவது என் தொழில், வெட்கம்!

சாயங்காலம் தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். “அப்பா மூஞ்சிக்கு நேரா போனப் புடிடா.”

“எதுக்குக்கா?”

“புடின்னா புடி.”

அப்பா திரை முழுக்க வந்தார். முதலில் நெற்றி மட்டும். பிறகு ஒரு காது. “இன்னா வேணும்?”

“ஒண்ணும் வேணாம். சும்மா இரு.”

“எதுக்குப் பாக்குற?”

“பாக்கக் கூடாதா?”

“பாத்துக்க,” என்றார். கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டு மருமகளிடம் மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கத்த ஆரம்பித்தார். இருபது நிமிஷம். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. வாய் கொஞ்சம் கோணல். கண்ணுக்குக் கீழே என் முகத்தில் இருக்கிற அதே பை. கருணை என்று ஒன்றும் இல்லை. எரிச்சல்தான் இருக்கிறது. அதைத்தான் போட்டேன்.

ஜூலை 10, வியாழன்

அனுப்பிவிட்டேன். புதுப் பதினாலாம் பக்கத்தில் நான் இல்லை. சாயங்கால வெளிச்சம், செம்மண் ரோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற அப்பா, நேராக நம்மைப் பார்க்கிறார். கீழே இரண்டே வரி: “அன்று அப்பாவுக்கு ஒரு விஷயம் தெரியும். வீட்டுக்குள் நுழையும்போது, சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.”

அதற்கடுத்த பக்கங்களில் நான் அவரை வெறுக்கிறேன். அதை மாற்றவில்லை. அதுதான் நடந்தது.

ஸ்ரீமதி பதில்: “அழகா இருக்கு மேம். பட் பழைய பஞ்ச் இல்ல.”

ஜூலை 21

அடுத்த ஆறு புத்தக வரிசை என்னிடம்தான் என்று சொல்லியிருந்தார்கள். வேறு ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது. அவள் படங்களைப் பார்த்தேன். வாளிகூடச் சிரிக்கிறது. வாழ்க.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. பண்ருட்டியில் ஒரு நூலகத்தில் வாசித்துக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். முன்பெல்லாம் “ச்சே” வரும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பிள்ளைகள் கொட்டாவி விட்டன. அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். முன் வரிசையில் ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கி, “அவுரு திட்டு வாங்கிக்கினே இருந்தாரா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“எவ்ளோ நாளு?”

சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான்.

செப்டம்பர் 5

கண்ணாயிரம் சார் போன். யாரோ புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். “ஏம்மா, என் பேரு போட்டிருந்தியே? காணமே?”

“ஒரு பேருக்குத்தான் சார் இடம் இருந்துச்சு.”

“சரிம்மா,” என்று வைத்துவிட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எனக்கு நாள் முழுக்க வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரம்தான் குளிர்ந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளிக்கு நான் ஊருக்கு வரமாட்டேன், வேலை இருக்கிறது என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். காலையில் கதவைத் தட்டுகிறார்கள். தம்பி, பின்னால் அப்பா, கையில் மஞ்சப் பை. “இங்க வந்தே தீருவேன்னுட்டாருக்கா. நாளைக்கு மறுநாள் பஸ் ஏத்தி விட்டுரு,” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

பதினோரு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அப்பா உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. சுற்றிப் பார்த்தார். “இதுக்கா வாடக தர?” என்றார். கீழ் வீட்டுப் பேராசிரியர் அரைக்கால் டிரவுசரோடு நடக்கப் போவதைப் பார்த்து, “வேட்டி வாங்க வக்கில்லியா அந்தாளுக்கு?” என்றார். முதல் தடவையாக ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

அக்டோபர் 20, தீபாவளி

சாம்பாரில் உப்பு இல்லையாம். ஃபேன் கத்துகிறதாம். தலைக்கு எண்ணெய் வைக்கத் தெரியாத பெண்ணை எதற்குப் படிக்க வைத்தேன் என்று திட்டினார். மத்தியானம் நான் மேஜையில் வேலை செய்யும்போது பின்னால் வந்து நின்று பார்த்தார். பத்து நிமிஷம் இருக்கும். “இது ஆடா?” என்றார். கழுதை என்றேன். “காது பத்தாது” என்றார். பத்தாதுதான். நீட்டினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு விடு என்றார். மழை பிடித்திருந்தது. இந்த மழையில் எங்கே போவ, விடட்டும், என்றேன். சரி என்று பையைக் கீழே வைத்தார்.

ஒன்பது மணிக்கெல்லாம் மழை விட்டுவிட்டது. தெருவில் ஆட்கள் குடை இல்லாமல் போகும் சத்தம் நன்றாகக் கேட்டது. இரண்டு பேருமே எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்க்கவில்லை.